100 எம்பிபிஎஸ் என்றால் எத்தனை ஈ1? ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள்

நூல்மில்_நெட்வொர்க்

வணக்கம். கோவையில் ஒரு நூற்பாலை நிறுவனத்தில் நெட்வொர்க் பார்க்கிறேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. எந்தக் காலத்திலோ தயாரித்தது, இன்றுவரை யாரும் கை வைக்கவில்லை. அதில் ஒரு கட்டம்: "தற்போது பயன்பாட்டில் உள்ள லைன் கொள்ளளவு, ஈ1 எண்ணிக்கையில்". ஈ1 என்பது டெலிபோன் காலத்து டிஜிட்டல் லைன் அளவு. முழு எண்ணாகத்தான் நிரப்ப வேண்டும், புள்ளி போட்டால் ஏற்றுக்கொள்ளாது.

எங்களிடம் இருப்பது 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) ஈதர்நெட் லீஸ்டு லைன், அதாவது எங்களுக்கென்றே வாடகைக்கு எடுத்த டேட்டா லைன். அதோடு இன்டர்காம் எக்ஸ்சேஞ்சுக்கு இரண்டு பிஆர்ஐ (பல பேச்சு ஒரே நேரத்தில் போகும் டெலிபோன் லைன்). பிஆர்ஐ ஒவ்வொன்றும் ஒரு ஈ1, அதில் குழப்பமில்லை. இந்த 100-ஐ என்ன செய்வது?

இணையத்தில் ஒரு யூனிட் கன்வர்ட்டரில் போட்டால் 48.83 வருகிறது. அதே பக்கத்தில் டி1 என்று மாற்றினால் 64.77. எங்கள் சீனியர், "ஈ1 என்றால் 2 எம்பி, 50 என்று எழுதிவிட்டுப் போ" என்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் 53 என்று சாதிக்கிறார். லைன் கொடுத்த நிறுவனத்தின் இன்ஜினியரிடம் போனில் கேட்டேன், 46 என்றார். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

எது சரி?

வகுத்தால்போதும்

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? ஈ1 என்பது 2.048 எம்பிபிஎஸ். 100 ÷ 2.048 = 48.83. முழு எண் வேண்டுமென்றால் 49. இழையை மூடிவிடலாம்.

பழையஎக்ஸ்சேஞ்ச்

மூடாதீர்கள் தம்பி. பக்கத்து சீட்டுக்காரர் சொன்ன 53-க்கும் நியாயம் இருக்கிறது.

ஈ1 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். டெலிபோனில் குரலுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்று வைத்தார்கள். அதை விநாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64,000 பிட். ஒரு பேச்சுக்கு 64 கேபிபிஎஸ். பிற்காலத்து டிஜிட்டல் லைன் எல்லாமே இந்த 64-ஐ அடுக்கிக் கட்டியவைதான்.

ஈ1 என்பது 32 அறை. விநாடியில் 8000-இல் ஒரு பங்கு, அதாவது 125 மைக்ரோ விநாடிக்கு ஒரு ஃபிரேம் (பிட்டுகளின் ஒரு கட்டு). அதில் 32 டைம்ஸ்லாட், ஒவ்வொன்றிலும் 8 பிட், மொத்தம் 256 பிட். 256 × 8000 = 20,48,000. இதுதான் நீங்கள் வகுக்கிற 2.048.

ஆனால் 32 அறையும் வாடகைக்குக் கிடைக்காது. ஸீரோ டைம்ஸ்லாட்டில் ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேமில் 0011011 என்ற அடையாளம் போய்க்கொண்டே இருக்கும். எதிர்முனை அதைப் பிடித்துத்தான் ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொள்கிறது. அது கிடைக்காவிட்டால் கார்டில் சிவப்பு விளக்கு எரிந்துவிடும். பதினாறாவது டைம்ஸ்லாட் சிக்னலிங்குக்கு. யார் யாரைக் கூப்பிடுகிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா எல்லாம் அதில் போகும். மிச்சம் 30. உங்கள் பிஆர்ஐயில் 30 பேர் ஒரே நேரத்தில் பேசலாம் என்பது இதனால்தான்.

இப்போது வகுத்துப் பாருங்கள். ஃபிரேமே போடாமல் மொத்தப் பிட்டும் உங்களுக்கென்றால் 2.048, அதற்கு 49 லைன். ஸீரோ டைம்ஸ்லாட் மட்டும் போய் 31 அறை டேட்டாவுக்கென்றால் 1.984, அதற்கு 50.4, ஆக 51 லைன். பதினாறையும் விட்டுவிட்டு 30 அறைதான் என்றால் 1.920, 52.08, ஆக 53. பக்கத்து சீட்டுக்காரர் பிஆர்ஐ போட்டுப் பழகிய கை என்று நினைக்கிறேன்.

உங்கள் சீனியர் சொன்ன 50-ஐ மட்டும் எந்தக் கணக்கிலும் கொண்டுவர முடியவில்லை. ஆனால் நடைமுறையில் "டூ எம்பி" என்று சொல்லாத ஆள் நான் வேலை பார்த்த இடத்தில் கிடையாது.

நூல்மில்_நெட்வொர்க்

நன்றி ஐயா. ரவுட்டரில் பழைய சீரியல் இன்டர்ஃபேஸ் ஒன்று இன்னும் மாட்டியபடியே இருக்கிறது. அதில் 1984 கேபிட் என்று காட்டும், ஏதோ வருடம் என்று கிண்டல் செய்வோம். 31 × 64 என்று இப்போதுதான் புரிகிறது.

ஆனால் 46? நீங்கள் சொன்ன மூன்றுமே 46-ஐ விட அதிகம். 100-ஐ 46 ஈ1-இல் அடைத்தால் ஒவ்வொன்றிலும் 2.17-க்கு மேல் போக வேண்டும். லைனின் வேகத்தை விட அதிகமாக லைனுக்குள் எப்படிப் போகும்?

கேஎல்எம்_373

டிரான்ஸ்மிஷனில் வேலை பார்க்கிறேன். 46 சரியான எண். அந்த இன்ஜினியர் ஈ1-ஐ எண்ணவில்லை, ஈ1 உட்காரும் பெட்டியை எண்ணியிருக்கிறார்.

உங்கள் கட்டடத்துக்கு வருவது அநேகமாக எஸ்டிஎச் ரிங், அதாவது பல லைன்களை ஒரே ஃபைபரில் சேர்த்துக் கொண்டுபோகும் வளையம். அதில் ஒரு ஈ1 போக வேண்டுமென்றால் அதை விசி-12 என்ற கண்டெய்னரில் வைத்து அனுப்புவோம். அந்தக் கண்டெய்னரின் உள்ளிடம் 125 மைக்ரோ விநாடிக்கு 34 பைட். ஈ1 வெறும் 32 பைட். மிச்சம் இரண்டு பைட் எதற்கு? ஒவ்வொரு ஈ1-உம் அதனதன் கடிகாரத்தில் ஓடுகிறது. ஸ்டாண்டர்டில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கூடவோ குறையவோ இருக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். அதாவது விநாடிக்கு 102 பிட் அப்படி இப்படி. அந்தத் தள்ளாட்டத்தைச் சமாளிக்கக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் பெட்டியைச் செய்தார்கள்.

ஈதர்நெட் வரும்போது இந்தப் பிரச்சினை கிடையாது. பாக்கெட் இல்லாத நேரத்தில் சும்மா நிரப்பி அனுப்பிக்கொள்ளலாம். அதனால் 34 பைட்டையும் பயன்படுத்திக்கொள்வோம். 34 × 64 = 2176 கேபிபிஎஸ். 100 ÷ 2.176 = 45.96. நாற்பத்தாறு பெட்டி. எங்கள் பாஷையில் விசி-12-46வி. 10 எம்பிபிஎஸ் என்றால் 5 பெட்டி. ஜிகாபிட் என்றால் பெரிய பெட்டியான விசி-4-இல் 7. இந்த மூன்று எண்ணும் எங்கள் ஆட்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

"45.96-க்குப் பதில் 45 போட்டு ஒரு பெட்டி மிச்சம் பிடிக்கலாமே, ஈதர்நெட் ஃபிரேமுக்கு நடுவே விடும் இடைவெளி எல்லாம் நாம் அனுப்பப்போவதில்லையே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரிய ஃபிரேம் 1518 பைட், கம்பியில் அது முன்னோட்டமும் (ஃபிரேமுக்கு முன்னால் வரும் அடையாளப் பிட்டுகள்) இடைவெளியும் சேர்த்து 1538 பைட் இடம் பிடிக்கிறது. அந்த 20 பைட்டை நாங்கள் கழற்றிவிட்டு எங்கள் தலைப்பு 8 பைட் சேர்க்கிறோம். ஆக 1526. 1526 ÷ 1538 = 99.2 சதவீதம். 45 பெட்டிக்கு 97.92 எம்பிபிஎஸ்தான். முழு வேகத்தில் பெரிய ஃபைல் ஓடினால் பாக்கெட் சொட்டத் தொடங்கும். 46-க்கு 100.096. அங்கே நின்றுவிடும்.

வகுத்தால்போதும்

சரி, உங்கள் பெட்டிக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதுவும் வகுத்தல்தானே? எதை எதால் வகுப்பது என்பதுதான் மாறியிருக்கிறது. எஸ்டிஎச்-இன் அடிப்படை லைனான எஸ்டிஎம்-1 என்பது 155.52 எம்பிபிஎஸ். 2.048-ஆல் வகுத்தால் 75.9. 2.176-ஆல் வகுத்தால் 71.4. ஒன்று 75, இல்லையென்றால் 71. சரியா?

கேஎல்எம்_373

63.

வகுத்தால்போதும்

அதெப்படி? 12 ஈ1 எங்கே போயிற்று? அது கிட்டத்தட்ட 25 எம்பி. கட்டணம் 155-க்கு வாங்கிக்கொண்டு...

கேஎல்எம்_373

கோபப்படாதீர்கள் பாஸ், கணக்கு நேர்மையாகத்தான் இருக்கிறது. ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எஸ்டிஎம்-1 ஃபிரேம் என்பது 9 வரிசை, 270 பத்தி. ஒரு கட்டத்துக்கு ஒரு பைட். 270 × 9 = 2430 பைட், ஒவ்வொன்றும் 64 கேபிபிஎஸ். பெருக்கினால் 155.52 வரும்.

முதல் 9 பத்தி ரிங்கின் நிர்வாகச் செலவு. ஃபைபர் அறுந்தால் மாற்றுப் பாதைக்குத் தாவ வேண்டும், பிழைகளை எண்ண வேண்டும், ஆர்டர்வயரில் எங்கள் ஆட்கள் பேசிக்கொள்ள வேண்டும். எல்லாம் அந்த 9-இல். மிச்சம் 261 பத்தி.

அதில் ஒரு பத்தி விசி-4-இன் சொந்தத் தலைப்பு. இரண்டு பத்தி வெற்றுத் திணிப்பு. மிச்சம் 258-ஐ மூன்றாகப் பிரித்தால் பங்குக்கு 86. ஒவ்வொரு 86-இலும் மறுபடி இரண்டு பத்தி போகும், மிச்சம் 84. அந்த 84-ஐ ஏழாகப் பிரித்தால் 12. ஒவ்வொரு 12-ஐ மூன்றாகப் பிரித்தால் 4 பத்தி. அந்த 4 பத்தியில்தான் ஒரு ஈ1 அதன் பெட்டியோடு உட்காருகிறது. 3 × 7 × 3 = 63.

நான்கு பத்தி × 9 வரிசை = 36 பைட். ஒரு பைட் சுட்டி, ஒரு பைட் பெட்டியின் தலைப்பு, மிச்சம் 34. முதலில் சொன்ன 34 இதுதான்.

என் பயனர் பெயரும் இதிலிருந்து வந்ததுதான். எந்த ஈ1 எங்கே இருக்கிறது என்பதை மூன்று எண்ணால் சொல்வோம், கேஎல்எம் என்று. முதல் ஈ1 1-1-1, கடைசி 3-7-3. "சார், 2-4-1 டவுன்" என்று போன் வந்தால் எந்தப் பத்தி என்று மனதில் ஓடும்.

மாணவி_ஈசிஇ

அக்காவா அண்ணாவா தெரியவில்லை, இதை இவ்வளவு தெளிவாக எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. ஒரு சந்தேகம். புத்தகத்தில் ஈ4 என்பது 139.264 எம்பிபிஎஸ், அதில் 64 ஈ1 என்று இருக்கிறது. அந்த ஈ4-ஐ அப்படியே ஒரு எஸ்டிஎம்-1-க்குள் வைக்கலாம் என்றும் இருக்கிறது. அப்படியென்றால் எஸ்டிஎம்-1-இல் 64 ஈ1 போகிறதே? 63 என்பது?

கேஎல்எம்_373

அக்காதான் :) நல்ல இடத்தில் கை வைத்தாய்.

இரண்டும் உண்மை. ஈ4 வழியாகப் போனால் 64, நேரடியாகப் போனால் 63. இன்னொன்றும் சொல்கிறேன். ஈ3 வழியாகப் போனால் ஒரு எஸ்டிஎம்-1-இல் மூன்று ஈ3, ஒவ்வொன்றிலும் 16, ஆக வெறும் 48.

பிறகு எதற்கு 63? ஈ4-ஐ உடைக்காமல் உள்ளே இருக்கும் ஒரு ஈ1-ஐ எடுக்க முடியாது. 140 எம்பியை 34 ஆக்கி, 34-ஐ 8 ஆக்கி, 8-ஐ 2 ஆக்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு மறுபடி அத்தனையையும் மேலே கட்ட வேண்டும். ஒரு ஊரில் ஒரே ஒரு ஈ1 இறக்க அலமாரி அலமாரியாக மக்ஸ் (லைன்களைச் சேர்க்கும், பிரிக்கும் கருவி) வைத்திருந்த காலம் அது. எஸ்டிஎச்-இல் 2-4-1 வேண்டுமென்றால் அந்த நான்கு பத்தியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடலாம். அந்த வசதிக்கு ஒரு ஈ1-ஐ விலையாகக் கொடுத்தார்கள்.

மாணவி_ஈசிஇ

ஈ2-உம் அப்படித்தானா அக்கா? நான்கு ஈ1 என்றால் 8.192 வர வேண்டும், புத்தகத்தில் 8.448.

கேஎல்எம்_373

ஆமாம். நான்கும் நான்கு கடிகாரம். சமன் செய்ய நிரப்பு பிட்டும் ஃபிரேம் பிட்டும் சேர்ந்தால் 8.448. மேலே போகப் போக 34.368, 139.264 எல்லாமே இந்தக் கதைதான். தேர்வில் நான்கால் பெருக்கி எழுதிவிடாதே.

எடிசன்_தமிழன்

நியூஜெர்சியிலிருந்து. கோவைத் தம்பி கேட்ட 64.77 பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். அது அமெரிக்கா, ஜப்பான் பக்கத்துக் கணக்கு, உங்கள் படிவத்துக்குத் தேவையில்லை. ஆனால் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

டி1-ஐ பெல் சிஸ்டம் 1962-இல் கொண்டுவந்தது. 24 பேச்சு, ஒவ்வொன்றுக்கும் 8 பிட், 192. அதன் தலையில் ஒரே ஒரு பிட் ஃபிரேமுக்கு. 193 × 8000 = 15,44,000. ஈ1 ஃபிரேமுக்கு எட்டு பிட் கொடுக்கிறது, டி1 ஒரு பிட்டோடு கஞ்சத்தனம் செய்கிறது. சிக்னலிங்குக்குத் தனி அறையும் கிடையாது. ஆறு ஃபிரேமுக்கு ஒரு முறை ஒவ்வொரு பேச்சிலும் கடைசி பிட்டைத் திருடி அதில் சிக்னல் அனுப்புவார்கள். ராப்டு பிட் என்றே பெயர். பேசுகிறவருக்கு அது காதில் கேட்காது. டேட்டா அனுப்பினால் பிட் கெட்டுப்போகும். எது திருட்டுப்போகும் என்று தெரியாததால் எட்டாவது பிட்டையே நம்பாமல் ஏழை மட்டும் பயன்படுத்தினார்கள். 7 × 8000 = 56. இங்கே 56 கே லைன், அங்கே 64 கே லைன் என்று இருந்ததற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு வேடிக்கை. சிஸ்கோ ரவுட்டரில் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் பாதை தேடும் முறை) ஓட்டியவர்கள் டி1-க்கு காஸ்ட், அதாவது பாதையின் விலை, 64, ஈ1-க்கு 48 என்று பார்த்திருப்பீர்கள். அது என்ன எண்? அடிப்படை அளவு 100 எம்பிபிஎஸ், அதை லைன் வேகத்தால் வகுத்துப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடுகிறது. தம்பியின் கன்வர்ட்டர் காட்டிய 64.77-உம் 48.83-உம்தான் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்த ரவுட்டர் வருடக்கணக்காக விடை சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆனால் சீரியல் இன்டர்ஃபேஸுக்கு அந்த ரவுட்டர் தானாக வைத்துக்கொள்ளும் வேகம் பெரும்பாலும் 1544. இந்தியாவில் ஈ1 மாட்டியிருந்தாலும் நீங்கள் பேண்ட்விட்த் கட்டளை போடாத வரை அது டி1 என்றே நினைத்துக்கொள்ளும்.

வகுத்தால்போதும்

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். 2048 என்பது 2 × 1024. ஆக ஈ1 என்பது சுத்தமான 2 மெகாபிட், கம்ப்யூட்டர் கணக்கில். சீனியர் சொன்ன 2 சரிதானே?

பழையஎக்ஸ்சேஞ்ச்

பார்க்க அப்படித்தான் இருக்கும் தம்பி, ஆனால் தற்செயல். 32-உம் 64-உம் இரண்டின் அடுக்கு, பெருக்கினால் 2048. அதன் பின்னால் வரும் கிலோ ஆயிரம்தான், 1024 கிடையாது. டெலிகாமில் கிலோ என்றால் எப்போதும் ஆயிரம். ஈ1 என்பது 20,48,000 பிட். கம்ப்யூட்டர் கணக்கில் 2 மெகாபிட் என்றால் 20,97,152. இரண்டுக்கும் 2.4 சதவீதம் இடைவெளி.

பைட்டுக்கு மாற்றினால் விநாடிக்கு 2,56,000 பைட். ஒரு சிடி அளவு, 700 எம்பி, இறக்க ஒரு முழு ஈ1-க்குத் தலைப்புச் செலவு எதுவும் சேர்க்காமலே 48 நிமிடம் ஆகும். ஒரு காலத்தில் அதற்கு ஆசைப்பட்டுக் காத்திருந்த அலுவலகங்கள் உண்டு.

படிவத்தில் ஏன் ஈ1-இல் கேட்கிறார்கள் என்பதும் அதோடு சம்பந்தப்பட்டதுதான். லீஸ்டு லைன் அப்படித்தான் விற்கப்பட்டது. 2005-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் உள்நாட்டு லீஸ்டு சர்க்யூட்டுக்கு உச்சவரம்புக் கட்டணம் வைத்தபோது ஈ1, டிஎஸ்3, எஸ்டிஎம்-1 என்றுதான் வைத்தது. நம் ஊர் ஐரோப்பிய முறை, ஆனால் நடுவில் மட்டும் அமெரிக்காக்காரரின் 45 எம்பி டிஎஸ்3. எஸ்டிஎச் பெட்டிக்கு எதுவும் ஒன்றுதான், ஈ3 வைக்கும் இடத்தில் டிஎஸ்3 வைக்கலாம்.

குரல்வழி

வாய்ஸ் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது தலைகீழாகக் கணக்குப் போட்டுவிடப்போகிறார்கள். "ஈ1 என்றால் 2 எம்பி, 30 பேச்சு. அப்படியானால் 2 எம்பி இன்டர்நெட் வாங்கி சிப் டிரங்க் (பாக்கெட் வழிப் பேச்சு லைன்) ஓட்டினால் 30 பேச்சு" என்று. ஓடாது.

பேச்சு அதே 64 கேபிபிஎஸ்தான். ஆனால் இப்போது அது பாக்கெட்டில் போகிறது. 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட், அதில் குரல் 160 பைட். அதன் மேல் ஐபி, யூடிபி, ஆர்டிபி தலைப்பு மூன்றும் சேர்ந்து 40 பைட். ஈதர்நெட் 18 பைட். மொத்தம் 218, விநாடிக்கு 50 பாக்கெட், 87.2 கேபிபிஎஸ். 2048-ஐ 87.2-ஆல் வகுத்தால் 23 பேச்சு. கம்பியில் முன்னோட்டமும் இடைவெளியும் சேர்த்தால் ஒரு பேச்சுக்கு 95.2, அப்போது 21-தான். ஈ1-இல் ஒரு பேச்சுக்குத் தலைப்பே கிடையாது, அறை எண்தான் முகவரி. பாக்கெட் ஒவ்வொன்றும் தன் முகவரியைத் தானே சுமக்கிறது.

ஜி.729 என்ற குரல் சுருக்க முறை போட்டால் குரல் 8 கேபிபிஎஸ் ஆகிவிடும், 20 பைட் மட்டும். ஆனால் தலைப்பு அதே 58 பைட். 31.2 கேபிபிஎஸ். எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கிறோம்.

கோவைத் தம்பியின் இரண்டு பிஆர்ஐ, 60 பேச்சு. சிப்புக்கு மாற்றினால் 5.232 எம்பிபிஎஸ், ஒரு திசைக்கு. முழுக் கணக்கும் போக வர இரண்டு பக்கமும் தனித்தனி என்பதையும் நினைவில் வையுங்கள். ஈ1-உம் அப்படித்தான், போக 2.048, வர 2.048.

எடிசன்_தமிழன்

குரலைச் சுருக்குவது என்றதும் ஞாபகம் வருகிறது. அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் ஃபைபர் கேபிள் டிஏடி-8, 1988. அதில் 40,000 பேச்சு போகும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். வேலை செய்யும் ஃபைபர் ஜோடி இரண்டு, ஒவ்வொன்றிலும் 280 எம்பிபிஎஸ், அதாவது இரண்டு 140. மொத்தம் நான்கு ஈ4. ஒரு ஈ4-இல் 1920 பேச்சு. நான்கு × 1920 = 7680. மிச்சம் 32,000 எங்கிருந்து வந்தது?

ஒருவர் பேசும்போது மற்றவர் சும்மா இருப்பார் இல்லையா, அந்த மௌனத்தில் இன்னொருவர் பேச்சை நுழைத்துவிடுவார்கள். கூடவே குரலையும் சுருக்குவார்கள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆகப் பழைய கேபிள் செய்தியில் "இத்தனை பேச்சு" என்று பார்த்ததும் 64-ஆல் பெருக்கி எம்பிபிஎஸ் ஆக்கிவிட முடியாது.

குரல்வழி

அருமை. அந்தப் பக்கம் போனால் எர்லாங் (ஒரே நேரத்தில் சராசரியாக ஓடும் பேச்சின் அளவு) வந்துவிடும், ஒரே வரியில் நிறுத்துகிறேன். ஒரு பிஆர்ஐயின் 30 சேனலில், நூற்றுக்கு ஒரு அழைப்பு பிஸி ஆகலாம் என்று வைத்தால் 20.3 எர்லாங் தாங்கும். இரண்டு பிஆர்ஐ தனித்தனியாக என்றால் 40.6. இரண்டையும் ஒரே குழுவாகப் போட்டால் 46.9. காசு செலவில்லாமல் ஆறு எர்லாங். தம்பி, உங்கள் எக்ஸ்சேஞ்சில் இரண்டும் ஒரே டிரங்க் குரூப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நூல்மில்_நெட்வொர்க்

பார்த்தேன் மேடம். தனித்தனியாகத்தான் இருந்தது, ஒன்று விற்பனைப் பிரிவுக்கு, ஒன்று மற்றவர்களுக்கு. யாரோ பிரித்து வைத்திருக்கிறார்கள். கேட்டுவிட்டுச் சேர்க்கிறேன்.

படிவம் இன்னும் காலியாக இருக்கிறது. 46, 49, 51, 53 நான்குக்கும் காரணம் தெரிந்துவிட்டது, எதை எழுதுவது என்றுதான் தெரியவில்லை :)

பழையஎக்ஸ்சேஞ்ச்

அந்தக் கட்டத்துக்கு அடுத்த கட்டம் என்ன? அதைச் சொல்லுங்கள்.

நூல்மில்_நெட்வொர்க்

"மக்ஸில் மீதமுள்ள ஈ1". அதற்கு முந்தைய கட்டத்தில் "மக்ஸ் மொத்த ஈ1" என்று அச்சிலேயே 63 இருக்கிறது. அது ஏன் 63 என்று நேற்றுவரை யோசித்ததே இல்லை.

பழையஎக்ஸ்சேஞ்ச்

முடிந்தது. உங்கள் லைன் வேகத்தை அவர்கள் கேட்கவில்லை. அந்த எஸ்டிஎம்-1 மக்ஸில் எத்தனை இடம் பிடித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். போனில் பேசிய இன்ஜினியருக்கு அது தெரிந்திருக்கிறது, சொல்லத்தான் நேரமில்லை. ஈதர்நெட் 46, பிஆர்ஐ 2, மொத்தம் 48, மீதம் 15.

வகுத்தால்போதும்

நான் சொன்னபடி 49 எழுதியிருந்தால் மீதம் 12 என்று போயிருக்கும். மூன்று ஈ1 வித்தியாசம், அவ்வளவுதானே. யார் கவனிக்கப்போகிறார்கள்?

கேஎல்எம்_373

நான்காவது கிளையில் 13 ஈ1 கேட்டு, "இடமில்லை, புது மக்ஸ் வாங்கு" என்று ஆர்டர் போட்ட பிறகு கவனிப்பார்கள் பாஸ். இப்படி வாங்கிப் பூட்டி வைத்த மக்ஸ் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன், மேலே ஒட்டிய பிளாஸ்டிக் கூட உரிக்கவில்லை.

நூல்மில்_நெட்வொர்க்

48, 15 என்று அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. அடுத்த வருடம் லைனை 150 எம்பிபிஎஸ் ஆக்கப்போகிறார்கள். மக்ஸ் 155. போதும்தானே?

கேஎல்எம்_373

இதைக் கேட்காமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

விசி-12 பெட்டி 63-ஐயும் கொடுத்தால் கூட 137.088 எம்பிபிஎஸ்தான். அதே எஸ்டிஎம்-1-ஐ மூன்று விசி-3 ஆகப் பிரித்தால் 145.152. உடைக்காமல் ஒரே விசி-4 ஆக எடுத்தால் 149.76. பெட்டி பெரிதாகப் பெரிதாகத் தடுப்புச் சுவர் குறைகிறது, அதனால் உள்ளிடம் கூடுகிறது. ஆனால் விசி-4 எடுத்தால் உங்கள் பிஆர்ஐ இரண்டுக்கும் இடமே இல்லை.

பிஆர்ஐயை சிப்புக்கு மாற்றிவிட்டாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்த 150 எந்த இடத்தில் எண்ணியது? கம்பியில் இடைவெளியோடு எண்ணிய 150 என்றால், 20 பைட்டைக் கழற்றி 8 சேர்த்தால், பெரிய ஃபிரேமுக்கு 148.8. விசி-4-இல் உட்கார்ந்துவிடும். ஃபிரேமை மட்டும் எண்ணிய 150 என்றால் பெரிய ஃபிரேமுக்கே 150.8, வெளியே தொங்கும். சின்ன 64 பைட் ஃபிரேமாக இருந்தால் 168 தாண்டும். லைன் கொடுப்பவரிடம் இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நூல்மில்_நெட்வொர்க்

கேட்டேன். ஃபிரேம் மட்டும்தான் எண்ணுகிறார்களாம், இடைவெளி சேராது. எஸ்டிஎம்-1-ஐப் போல நான்கு மடங்கான எஸ்டிஎம்-4 கார்டுக்கு விலை அனுப்புவதாகச் சொன்னார்கள். அதில் விசி-12 பெட்டி 69 போட்டால் 150 வந்துவிடுமா?

கேஎல்எம்_373

வகுத்தால் வரும், கோர்த்தால் வராது. விசி-12-ஐ ஒரு குழுவில் அதிகபட்சம் 64தான் சேர்க்கலாம், வரிசை எண்ணுக்கு 6 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். விசி-3 நான்கு கேளுங்கள். 193.5 எம்பிபிஎஸ், 64 பைட் ஃபிரேமும் தாராளமாகப் போகும். ஒரு விசி-3 பிடிக்கும் இடத்தில் 21 ஈ1 உட்காரும். ஆக அடுத்த வருடப் படிவத்தில் ஈதர்நெட்டுக்கு 84, பிஆர்ஐ 2. அச்சில் இருக்கும் 63-ஐ அடித்துவிட்டு 252 என்று எழுதுங்கள், மீதம் 166.